அவசரக் கைக்கு ஒரு குழாய்

என் வீட்டுக்காரரை எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேருக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்ப்பார். நின்றுகொண்டே சாப்பிடுவார். பல் தேய்த்துக்கொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். டீ ஆறுவதற்குள் வாயில் கவிழ்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, டீ போட்டவளைத் திட்டுவார். டீ போட்டவள் நான். நானும் சும்மா விடமாட்டேன்.

வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவர்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். நாங்கள் அதை உயர்த்தி, அகலப்படுத்தி, அடியில் இருப்பதையெல்லாம் மாற்றிக் கட்டிக் கொடுப்போம். வெல்டிங் அவர். லேத் என்கிற கடைசல் மெஷினில் நிற்பது அவருடைய அக்கா, என் நாத்தனார். நான் வாரநாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பந்தயம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சொந்த வண்டியை மலைமேல் ஏற்றி இறக்குகிறேன். அந்த வண்டிக்குப் பெயர் கழுதை. எதையும் சுமக்கும், எங்கேயும் ஏறும், பார்க்க சகிக்காது.

போன பந்தயத்தில் கழுதை என்னைக் கொல்லப் பார்த்தது. கழுதைமேல் தப்பில்லை, அதன் கைமேல்தான் தப்பு. பின் அச்சை வண்டியின் சட்டத்தோடு பிடித்து வைக்க நாலு இரும்புக் கைகள் உண்டு. லிங்க் என்று சொல்வோம். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு குழாய், இரண்டு முனையிலும் திருகி ஏற்றிய உருண்டை மூட்டு, அவ்வளவுதான். அச்சு மேலே கீழே ஆடலாம், முன்னே பின்னே போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது இந்த நாலு கைகள். கீழே இருக்கிற இரண்டும் போதாக்குறைக்குப் பாறையிலும் அடி வாங்கும். இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது இடது கீழ் லிங்க் நீளவாக்கில் வாயைப் பிளந்துகொண்டது. சக்கரம் இடம்விட்டு நகர்ந்து, வண்டி குறுக்கே திரும்பி, ஒரு மரத்தில் போய்ச் சாய்ந்து நின்றது. மரம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நான் யோசிப்பதில்லை. யோசித்தால் வேனைக்கூட ஓட்ட முடியாது.

அந்தக் குழாய் சாதாரணத் தையல் குழாய். தகட்டைச் சுருட்டி, ஓரத்தை ஓரத்தோடு ஒட்டிச் செய்வது. "இப்போதைக்கு இது இருக்கட்டும், நல்லது அப்புறம் போட்டுக்கலாம்" என்று ஒரு பந்தயத்துக்கு முந்தின நாள் மாட்டியவர் பம்பரம். அப்புறம் வரவே இல்லை.

அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி பட்டறைக்கும் வீட்டுக்கும் உலாத்தினார். ஒரு ஸ்பேனரை எடுப்பார், வைப்பார், வேறு ஒன்றை எடுப்பார். எனக்கு அவர் மேல் கோபம் கொதித்தது. ஆனால் ஏற்கெனவே தன்னைத்தானே அடித்துக்கொண்டிருக்கிற மனிதனை இன்னும் எங்கே அடிப்பது? ஒரு நாள் காலையில் வேன் சாவியை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"வா. குழாய் வாங்கப் போறோம். இந்த வாட்டி இருக்கிறதுலயே நல்லது."

இரும்புக் கடை நீளமான தகரக் கொட்டகை. குழாய்கள் அடுக்கு அடுக்காகத் தாங்கிகளில் கிடந்தன. கடைக்காரர் வாய் ஓயாதவர். நான் போனதும் ஒவ்வொரு குழாயின் வாயிலும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். உள்ளே ஒரு வரம்பு தட்டுப்பட்டால் தையல் இருக்கிறது என்று அர்த்தம். மரத்தில் சாய்ந்து நின்ற நாளிலிருந்து எனக்கு அது ஒரு வியாதியாகிவிட்டது. வீட்டில் துணி காயப்போடும் குழாயைக்கூடத் தடவிப் பார்த்தேன்.

"அதெல்லாம் தையல் இல்லாததும்மா, தைரியமா பாருங்க" என்றார் கடைக்காரர். "உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு இந்தச் சாதா இரும்பு. சுவரு நல்ல தடிமன். தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். தோள்பட்டை புகார் சொன்னது.

"இன்னொண்ணு இது." சுவர் மெல்லிய, சாம்பல் நிறக் குழாய் ஒன்றை ஒரே கையால் உருவினார். "கலப்பு உருக்கு. விமானத்துக்குச் சட்டம் கட்டுறது இதுலதான். பாதி கனம், பலம் அதைவிட ஜாஸ்தி."

விமானம் என்ற சொல் காதில் விழுந்ததும் பம்பரத்தின் முகம் மாறியது. குழாயை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். விரலால் சுண்டினார். கணீரென்றது.

"இதான். இதையே போடுங்க. நாலுக்கும்."

சொல்லிவிட்டு அறுக்கிற மெஷின் பக்கம் போய்விட்டார். யாருடைய பேச்சிலும் கடைசி வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. என் அப்பா எங்கள் கல்யாணப் பேச்சை முடிப்பதற்குள் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவர்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு வந்து சேர்ந்தது. "ஒரே ஒரு விஷயம்மா. வெல்டு வெச்சா அது பாட்டுக்கு ஆறணும். தண்ணி காட்டவே கூடாது. காட்டினா வெல்டுக்குப் பக்கத்துல கண்ணாடி மாதிரி ஆயிடும். வெளில ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் பட்டுனு போயிடும். மத்தபடி இதை அடிச்சுக்க ஆளில்ல."

"அந்தத் தடி இரும்புக்கு?"

"அதுக்கு என்ன, எருமை மாதிரி. தண்ணி பட்டா என்ன, படாட்டி என்ன."

நான் அறுக்கிற மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு நீல வாளி இருக்கிறது. பம்பரம் எதை வெல்டிங் செய்தாலும், முகமூடியைத் தூக்கிய மறு நொடி குறடு அந்த வாளிக்குப் போகும். ஸ்ஸ்ஸ் என்று ஆவி எழும். அடுத்து அதை வெறுங்கையில் எடுத்து, மூட்டு சரியாகத் திருகுகிறதா என்று பார்ப்பார். ஆறட்டும் என்று விட்டுவிட்டு ஓரமாக நிற்பது அவரால் ஆகாத காரியம். அடுப்படியில் இருந்துகொண்டே அந்த ஸ்ஸ்ஸை எண்ணி, எத்தனை வேலை முடிந்தது என்று நான் சொல்லிவிடுவேன்.

திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். குழாய்களின் முனை பின்கதவுக்கு வெளியே சிவப்புத் துணியோடு நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அதை அடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டார்.

"கடைக்காரர் ஒண்ணு சொன்னார்" என்று மெதுவாக ஆரம்பித்தேன். "இதைத் தண்ணில போடக் கூடாதாம்."

"யார் போடுறா?"

"நீங்கதான் போடுவீங்க."

"நானா? நான் எப்பப் போட்டேன்?"

நடிக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. அந்த மனிதருக்கு நிஜமாகவே தெரியாது. மூச்சு விடுவது மாதிரி அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. விளக்கமாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்:

"விமானத்துல போடுறதைப் போட்டு உன்னை உக்கார வெக்கிறேன் பாரு. இனிமே எனக்குத் தூக்கம் வரும்."

அத்தனை நாள் கழித்து அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. என்னால் அதை அணைக்க முடியவில்லை. சொல்ல வந்ததை மென்று விழுங்கினேன். என் வாய்க்கு அது புது அனுபவம்.

நேராகச் சொல்ல முடியாதவள் என்ன செய்வாள்? கோணலாகச் செய்வாள். மறுநாள் நீல வாளியைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்து, அதில் அழுக்குத் துணியை ஊறப் போட்டேன். பட்டறையிலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து ஸ்ஸ்ஸ் என்று கேட்டது. டியூபில் ஓட்டை பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் வேறு யாருடைய கேட் கீலையோ முக்கிக்கொண்டிருந்தார். பஞ்சர் கடைக்காரர் "யோவ் பம்பரம், என் தொட்டிய என்ன குளம்னு நினைச்சியா" என்று கத்தினார். அன்று மாலையே வாளி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. துணி மட்டும் தரையில் கிடந்தது.

லேத்தில் என் நாத்தனார் மரை வெட்டிக்கொண்டிருந்தார். குழாயின் இரண்டு முனையிலும் நுழைத்து வெல்டிங் செய்கிற இரும்புக் கட்டைகள் அவை. அதன் உள்மரையில்தான் உருண்டை மூட்டு திருகி உட்காரும். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வாளிய ஒளிச்சு வெச்சது நீதானே?" என்றார் தலையைத் தூக்காமல்.

"ஆமா அண்ணி."

"எதுக்கு?"

சொன்னேன். லேத்தை நிறுத்தாமலேயே கேட்டார். எண்ணெய் சொட்டிய இரும்புச் சுருள் ஒன்று உதிர்ந்து என் செருப்பில் விழுந்தது.

"அவன்கிட்ட நேரா சொல்லிட வேண்டியதுதானே. உனக்கா வாய் இல்ல?"

"சொன்னா, என் கையை நம்பலயான்னு கேப்பார்."

"நம்புறியா?"

நான் அந்தக் கையைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் வெல்டிங் வரியைப் பார்க்க வேண்டும். காசுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கினது போல ஒரே சீராக இருக்கும். இந்தத் தொழிலில் அதைவிடச் சுத்தமான கையை நான் பார்த்ததில்லை. அந்தக் கை செய்த வண்டியில் ஏறித்தான் இத்தனை மலை ஏறி இறங்கினேன். அந்தக் கையே வெல்டிங் முடிந்த அடுத்த நொடியில் வேறு யாருடைய கையோ ஆகிவிடுகிறது.

"நீ மட்டும் என்ன ஒழுங்கு?" என்றார் நாத்தனார். "பாறையப் பார்த்தா காலை எடுக்கிறியா? இன்னும் அழுத்துறே. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட அந்தக் குழாயை நினைச்சாதான் எனக்குப் பாவமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை. வேனில் பிள்ளைகள் இருந்தால் நான் ஆமை. கழுதையில் ஏறி பெல்ட்டை மாட்டிவிட்டால் என் வலது கால் என் பேச்சைக் கேட்காது.

நான் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் பம்பரம் தவிக்கவில்லை. மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனோடு திரும்பினால், வாசலிலேயே நிற்கிறார். இரண்டு கையிலும் ஏந்திய மாதிரி முதல் லிங்க்.

"பிடி. பிடிச்சுப் பாரு. எவ்வளவு லேசா இருக்கு பாரு."

பிடித்தேன். லேசாகத்தான் இருந்தது. அழகாகவும் இருந்தது. முனையைத் தடவினேன். விரல் நனைந்தது.

"ஈரமா இருக்கு."

"வேர்வையா இருக்கும்."

"இரும்புக்கு வேர்க்குமா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இறக்கம் கண்முன் வந்தது. மரம் வந்தது. மரம் இல்லாத இடமும் வந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்தது ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

"நான் இதுல ஏற மாட்டேன்."

"என்ன?"

"இதை மாட்டினா நான் வண்டில உக்கார மாட்டேன். நீங்க தண்ணில போட்டிருக்கீங்க. இது உடையும்."

உள்ளே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ என் கையை நம்பலன்னு சொல்லு."

"நம்பல" என்றேன். "வெல்டு வெக்கிற கையை நம்புறேன். அதுக்கு அடுத்த நிமிஷம் வர்ற கையை நம்பல. போன தடவையும் அந்தக் கைதான், இப்போதைக்கு இருக்கட்டும்னு மாட்டுச்சு."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமலும் இருந்திருக்கக் கூடாது. லிங்க்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சரி. உன் கண் முன்னாடியே ஒண்ணு பண்றேன். பிரஸ்ல வெச்சு நீயே நசுக்கு. உடைஞ்சா நான் வெல்டிங்கை விட்டுட்டு உன் வேன்ல கதவு திறந்து விடுற வேலைக்கு வந்துடுறேன்."

"வேன் நிக்கிறதுக்குள்ள இறங்கிடுவீங்க, அந்த வேலையும் ஆகாது" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

விமானக் குழாயில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்தார். நாத்தனார் வெட்டி வைத்திருந்த கட்டை ஒன்றை அதற்குள் தட்டி நுழைத்தார். முகமூடியை இறக்கினார். நீல வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளிச்சம் நின்றதும் திரும்பினேன். செக்கச் சிவந்த வளையம், ஒரு பிசிறு இல்லை.

முகமூடியைத் தலைக்குமேல் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். குறடு அவர் வலது கையில், துண்டு குறட்டில்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தப் பட்டறைலதான் இருக்கே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சூடா எதையாவது தண்ணில போட்டு நீ பார்த்திருந்தா..."

கண் என் மேல்தான் இருந்தது. பேச்சும் என்னோடுதான். கை மட்டும் தன் வழியில் பக்கவாட்டில் இறங்கிப் போயிற்று.

ஸ்ஸ்ஸ்.

ஆவி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எழுந்தது. லேத் நின்றது. நாத்தனார் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தன் கையைக் குனிந்து பார்த்த பார்வையைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டது யாரோ, பிடித்தது தான்தான் என்பது போல நின்றார்.

"எப்பவும் இப்படியா?" என்று அக்காவைக் கேட்டார்.

"எப்பவும்தான்" என்றார் நாத்தனார்.

பிரஸ்ஸில் வைத்தது அவரேதான். பேரிங் தள்ளுவதற்கு நாங்கள் வைத்திருக்கிற ஜாக்கி பிரஸ் அது. அதன் இரண்டு தாங்கிகளுக்கு மேல் துண்டைக் குறுக்கே கிடத்தி, ஜாக்கியின் கைப்பிடியை அடித்தார். குழாய் வளையவே இல்லை. பலமான இரும்பு, அதில் சந்தேகமே கிடையாது. இன்னும் அடித்தார். திடீரென்று டப் என்று ஒரு சத்தம். பாதித் துண்டு ஷட்டரில் போய் மோதி விழுந்தது. வெல்டிங் வரிக்கு ஒட்டினாற்போல் கத்தியால் வெட்டியது போல உடைந்திருந்தது. உடைந்த இடம் சர்க்கரை மாதிரி மினுமினுத்தது. வெல்டிங் வரிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது மட்டும் அழகாக அப்படியே இருந்தது.

அவர் மூலையில் தேடி, தடிச் சுவர்ச் சாதா இரும்பில் ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்தார். அதிலும் ஒரு கட்டையை வைத்து ஒட்டினார். இந்த முறை வேண்டுமென்றே, என்னைப் பார்த்துக்கொண்டே, வாளியில் போட்டார். பிரஸ்ஸில் வைத்து அடித்தார். அது முனகியது. வளைந்தது. இன்னும் அடித்தார். இன்னும் வளைந்தது. கைப்பிடி இதற்குமேல் போகாது என்கிற வரை வளைந்தது. உடையவில்லை.

பம்பரம் வெளியே போய் வாசல் குழாயில் முகம் கழுவினார். திரும்பி வந்து முடித்து வைத்திருந்த அந்த அழகான லிங்க்கை எடுத்து, அறுக்கும் சக்கரத்தில் வைத்து, நடுவில் இரண்டாக அறுத்தார். யாரும் மறந்தும் மாட்டிவிடக் கூடாதல்லவா.

"எதைப் போடணும்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "உக்காரப் போறது நீ. நீயே சொல்லு."

"தடி இரும்பு."

"கனம்."

"இருக்கட்டும்."

"ஏத்தத்துல இழுக்கும். கடைசியா வருவே."

"வர்றேன். வந்து சேர்ந்தா போதும்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "விமானக் குழாயே போடலாம். என்னால ஆற விட முடியும். இனிமே விடுவேன். இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே."

சரி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. ஒரு சொல்தான். அந்த முகத்துக்கு அது எவ்வளவு பெரிய மருந்து என்றும் தெரியும். அவர் மனசாரத்தான் சொன்னார். ஆனால் அந்த இறக்கத்தில் மனசு வந்து சக்கரத்தைப் பிடிக்காது.

"நீங்க விடுவீங்க" என்றேன். "உங்க கை விடாது. என் காலும் அப்படித்தான். நம்ம ரெண்டு பேருக்கும் எருமைதான் சரி."

அன்று இரவு சாப்பாட்டையும் உட்கார்ந்து சாப்பிடவில்லை, நின்றும் சாப்பிடவில்லை. சாப்பிடவே இல்லை.

மிச்ச விமானக் குழாய்களைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். வாய் ஓயாத கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் தடிக் குழாயை எடுத்துப் போட்டார். பழக்கதோஷம், அதன் வாயிலும் விரலை விட்டுத் தடவினேன்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அல்லது நம்புவீர்கள். நான் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் புது லிங்க்குக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் நின்றது. கையில் ஹோஸோடு அப்படியே நின்றேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் அமைதி. இரண்டு மூச்சு. பரவாயில்லையே என்று நினைக்கும்போது, ஸ்ஸ்ஸ்.

வெளியே வந்தார். மாவைக் கொட்டிவிட்ட பிள்ளையின் முழி.

"போட்டுட்டேன்."

"கேட்டுச்சு."

"கொஞ்சம் பொறுத்துத்தான் போட்டேன்."

"அதுவும் கேட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் வரவில்லை. அந்தச் சத்தம் என்னை ஒன்றும் செய்யாமல் விட்டது, கடைக்குப் போய் வந்த நாளிலிருந்து அன்றுதான். அவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே போய்விட்டார். நான் அவரைப் பற்றிச் சொன்னது சரிதான் என்று அந்த வாளி இன்னொரு முறை சொல்லிவிட்டது, அது அவருக்கு உறைத்திருக்கும்.

பந்தயத்தன்று கழுதை உண்மையிலேயே கழுதையாக இருந்தது. ஏற்றத்தில் பின்பக்கம் யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. எனக்கு முன்னால் போனவர்களின் புழுதிகூட அடங்கிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெல்ட் அறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். உச்சியைத் தாண்டியதும் அதே இறக்கம். அதே மரம், பட்டை உரிந்த இடம் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. காலை எடு, காலை எடு என்று எனக்கு நானே சொன்னேன். எடுத்தேன், சத்தியமாக எடுத்தேன், ஆனால் எடுக்க வேண்டிய இடம் தாண்டித்தான் எடுத்தேன்.

இடது பக்கம் அடியில் பாறை மோதியது. என் முதுகெலும்பு வரைக்கும் அந்த அடி வந்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேனா என்றுகூட நினைவில்லை. ஆனால் சக்கரம் போகவில்லை. பின்பக்கம் கோணிக்கொண்டு, நண்டு மாதிரி சாய்ந்து சாய்ந்து கழுதை இறங்கிக்கொண்டே இருந்தது. மரத்தைத் தாண்டியது. மரம் இல்லாத இடத்தையும் தாண்டியது. கயிறு கட்டியிருந்த முடிவுக் கோட்டைக் கடைசி ஆளாக நான் தாண்டினபோது, கொடி ஆட்டுகிறவர் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டிருந்தார்.

நான் எஞ்சினை அணைப்பதற்குள் பம்பரம் வண்டிக்கு அடியில் இருந்தார். எப்போது ஓடி வந்தார், எப்போது படுத்தார் என்று தெரியாது. நான் இறங்கினபோது அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்னங்க?"

"வளைஞ்சிருக்கு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "நல்லா வளைஞ்சிருக்கு."

"உடையலயே?"

"உடையல."

எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் அவருடைய கால் ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் செருப்பு ஆடுவதைப் பார்த்துத்தான் ஆள் உள்ளே உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம் என்று நாத்தனார் கேலி செய்வார். ஆடும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடவில்லை. இரண்டு பாதங்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன.

"வெளில வாங்க" என்றேன். "வண்டிய ஓரங்கட்டச் சொல்றாங்க. போகலாம், வாங்க."

"இரு" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வா என்பார், சீக்கிரம் என்பார், அப்புறம் என்ன என்பார். நான் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். அவர் மல்லாந்து கிடந்தார். வலது கை அந்த வளைவின் மேல் இருந்தது. வெயிலிலும் பாறையில் அடிபட்டதிலும் குழாய் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். கையை எடுக்கவில்லை. கண்ணோரம் நனைந்து புழுதியோடு காதுவரை ஒரு கோடு இறங்கியிருந்தது.

"கொஞ்ச நேரம் இரு" என்றார் மறுபடியும்.

யாரோ தூரத்திலிருந்து வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். நான் திரும்பிக் கத்தவில்லை. அவருடைய காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கழுதையின் எஞ்சின் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. அது முழுக்க ஆறுகிற வரைக்கும் இருந்தோம்.